பதினைந்து கிலோ வாலும் அரைக் கிலோ ஈரமும்

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு அழைப்பு. என்னோடு கடற்கன்னி நிகழ்ச்சிகளில் நீந்துகிற பெண். என்னைவிட எட்டு வயது சின்னவள். "அக்கா, வாலுக்குள்ள ஒரு மாதிரி வாடை அடிக்குது. வெளிய பார்த்தா பளபளன்னு சுத்தமாத்தான் இருக்கு. வினிகர் ஊத்தவா, ப்ளீச் ஊத்தவா?" என்றாள். குரல் கம்மியிருந்தது. நீந்தும்போது காலில் மாட்டிக்கொள்ளும் சிலிக்கோன் வால், இரண்டு வருடம் பணம் சேர்த்து வாங்கியது.

"இப்போ எதையும் ஊத்தாதே. டார்ச் இருக்கா? கால் நுழைக்கிற பக்கம் அடிச்சுப் பாரு. முகத்தை உள்ள விடாதே" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கருப்பா புள்ளி புள்ளியா இருக்குக்கா" என்றாள்.

அந்தப் புள்ளிகளை நானும் பார்த்திருக்கிறேன். என் முதல் சிலிக்கோன் வாலின் துடுப்புப் பகுதியே அதில்தான் போனது. அன்று இரவு அவளிடம் ஒரு மணி நேரம் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். சிலிக்கோன் வால் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு நாள் இந்தச் சிக்கல் வரும். வருவதற்கு முன்பே படித்துவிட்டால் நல்லது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பூசணத்துக்குச் சிலிக்கோன் சாப்பாடு இல்லை. பிளாட்டினம் சேர்த்து இறுக வைக்கும் நல்ல வகை சிலிக்கோனில் அது தின்பதற்கு ஒன்றுமே கிடையாது. அது தின்பதெல்லாம் நாம் உள்ளே விட்டுவிட்டு வருகிற பொருள்கள்தான்: உதிர்ந்த தோல், வியர்வை, உடம்பு எண்ணெய், சோப்புப் படலம், வாலுக்குள் வழுக்கி நுழையப் பூசிக்கொண்ட கண்டிஷனர். இதோடு ஈரமும் காற்றோட்டமில்லாத இருட்டும் சேர்ந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? நாம் காலை நுழைக்கிற இடம் அப்படித்தான் இருக்கிறது.

வாலின் உள்ளமைப்பை யோசித்துப் பாருங்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வழவழப்பான சிலிக்கோன் குழாய். அதைத் துண்டால் துடைத்தாலே பாதி காய்ந்துவிடும். அதற்குக் கீழே மோனோஃபின், அதாவது இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே துடுப்பு. அதில் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொள்ளும் நியோபிரீன் (செயற்கை ரப்பர் நுரை) பை. நியோபிரீன் நுரை மூடிய குமிழ்களால் ஆனது, அது தண்ணீரை உறிஞ்சாது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த நுரையின் இரண்டு பக்கமும் நைலான் துணி ஒட்டியிருக்கிறது. அந்தத் துணி உறிஞ்சும். தையல் நூல் உறிஞ்சும். தையல் ஓட்டைகளுக்குள்ளும் பசை விட்டுப்போன இடுக்குகளிலும் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே சிலிக்கோன் மூடியிருப்பதால் அந்த ஈரம் வெளியேற ஒரே வழி, வந்த வழியாகவே இடுப்பு வரை மேலேறிப் போவதுதான். இவ்வளவு நீளக் குழாயின் அடியில் இருக்கும் ஈரம், தானாக எப்படி மேலே வரும்?

அதனால் வாலை வாங்கிய நாளிலிருந்தே என் கவனமெல்லாம் அந்தக் கடைசி ஒரு முழத்தில்தான் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

என் கதை இது. முதல் வாலில் குதிகால் பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல் விழுந்தது. மறுநாள் காலையில் நிகழ்ச்சி. குழந்தைகளிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கிழிசலைத் துடைத்து, அரை மணி நேரம் ஃபேனுக்கு முன்னால் வைத்து, கை வைத்துப் பார்த்தேன். ஈரம் தெரியவில்லை. சிலிக்கோன் பசையை வைத்து மூடிவிட்டேன். ஒட்டு அருமையாகப் பிடித்தது. நிகழ்ச்சியும் நன்றாக முடிந்தது. அதன் பிறகு எட்டு, ஒன்பது முறை அதே வாலில் நீந்தினேன்.

இரண்டு மாதம் கழித்து வெளிர்பச்சைச் செதில்களுக்கு நடுவே ஒரு நிழல் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். என் நகம் ஓடியது மேலே, கறுப்பு இருந்தது உள்ளே. சிலிக்கோனுக்கும் நியோபிரீனுக்கும் நடுவில், நான் ஒட்டிய ஒட்டுக்கு நேர் அடியில். ஈரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது நான்தான். ஒட்டை வெட்டித் திறந்தபோது வந்த வாடை, மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்த மாதிரி இருந்தது.

மூடிவிட்டால் காற்றில்லாமல் பூசணம் செத்துவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். சிலிக்கோனில் அந்த நம்பிக்கையே வேண்டாம். அதன் வழியாக ஆக்சிஜன் மிக எளிதாக ஊடுருவும். காண்டாக்ட் லென்ஸ்களில் சிலிக்கோன் சேர்ப்பதே கண்ணுக்கு ஆக்சிஜன் போக வேண்டும் என்பதற்காகத்தான். ஆக, உள்ளே சிக்கிய பூசணத்துக்கு மூச்சும் கிடைக்கிறது, ஈரமும் கிடைக்கிறது.

சரி, பூசணம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

திறந்த வெளியில், அல்லது சன்னலெல்லாம் திறந்துவைத்த அறையில் வேலையை ஆரம்பியுங்கள். என்-95 முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த பூசணத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. வித்துகள் தூசியாகக் கிளம்பி மூக்குக்குள்ளும் வாலின் மற்ற பகுதிகளுக்கும் போகும். முதலில் நனையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

எந்த மருந்துக்கும் முன்னால் சோப்புதான். நிறையப் பேர் இதை விட்டுவிட்டு நேரே வினிகர் பாட்டிலைத் திறக்கிறார்கள். உள்ளே கொழுப்புப் படலம் இருக்கும்வரை எந்தத் திரவமும் பூசணத்தைத் தொடாது, மேலேயே வழிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. நீளக் கைப்பிடியுள்ள, மென்மையான பாட்டில் பிரஷ். முழங்கால் வரை வாலை உள்வெளியாகத் திருப்ப முடிந்தால் திருப்பிக்கொள்ளுங்கள். இழுத்துத் திருப்பாதீர்கள், சுருட்டிக்கொண்டே போங்கள். பாதப்பைக்குள் பிரஷ்ஷை விட்டு, ஒவ்வொரு தையலையும் அதன் போக்கிலேயே தேய்த்து, நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். முதல் அலசலில் வருகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் பாதிப்பேருக்கு அன்றிலிருந்து இந்தப் பழக்கம் வந்துவிடும்.

அதற்கு அப்புறம் வினிகர். சாதாரண வெள்ளை வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 5 சதவீதம் இருக்கும். அதில் சம அளவு தண்ணீர் கலந்து பாதப்பையை நனைத்து ஒரு மணி நேரம் விட்டு, அலசிவிடுவேன். துணியும் தையலும் உள்ள இடத்துக்கு இது போதும். பிடிவாதமாக நிற்கும் புள்ளிகளுக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. நுரைத்து அடங்கப் பத்து நிமிடம் கொடுங்கள். நிறமுள்ள துணியை அது வெளிற வைக்கலாம், அதனால் கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள். கலந்தால் பெரசெட்டிக் அமிலம் உண்டாகும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். ஒன்றை நன்றாக அலசிய பிறகுதான் அடுத்தது.

வழவழப்பான சிலிக்கோன் பரப்புக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. 99 சதவீதம் இன்னும் நன்றாகக் கொல்லுமே என்று தோன்றும். இல்லை. அது நொடியில் ஆவியாகிவிடும். கிருமிக்குள் ஊடுருவி வேலை செய்யக் கொஞ்சம் தண்ணீர் கூடவே இருக்க வேண்டும். ஆல்கஹால் முழுதாக ஆவியாகும்வரை பக்கத்தில் நெருப்போ ஹேர் டிரையரோ எந்த மின்கருவியோ வேண்டாம். குழாய் மாதிரி மூடிய இடத்தில் அந்த ஆவி தேங்கி நிற்கும்.

ப்ளீச்சைப் பற்றி அவளிடம் சொன்னதையே சொல்கிறேன்: வேண்டாம். நியோபிரீனையும் தையல் நூலையும் அது அரிக்கும், வண்ணத்தைக் கெடுக்கும். அதைவிட முக்கியம், வினிகர் ஊற்றிய வாலில் ப்ளீச் ஊற்றினால் குளோரின் வாயு வரும். அந்த இரவில் அவள் பதற்றத்தில் இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் பக்கென்கிறது.

உள்ளே இளஞ்சிவப்பாக வழவழவென்று ஒரு படலம் தெரிந்தால் அது பெரும்பாலும் பூசணம் இல்லை, பாக்டீரியா. குளியலறை ஓரங்களில் வருமே, அதே செராட்டியா மார்செசன்ஸ். சோப்பும் பிரஷ்ஷும் போட்டால் சீக்கிரம் போய்விடும். ஆனால் அது வந்திருக்கிறது என்றால் உங்கள் வால் காயவே இல்லை என்று அர்த்தம்.

இவ்வளவு செய்தும் சாம்பல் நிறக் கறை நிற்கலாம். பதற வேண்டாம். பூசணத்தின் நிறம் சிலிக்கோனுக்குள் ஊறிவிட்டால் எதைப் போட்டாலும் வெளியே வராது, பூசணம் செத்த பிறகும் நிழல் தங்கும். உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் செய்வது இதுதான். கறைக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுப்பேன். இரண்டு வாரம் கழித்து அதே நாணயம், அதே வெளிச்சம், இன்னொரு படம். அளவு மாறவில்லை, ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் எதுவும் ஒட்டவில்லை, வாடையும் இல்லை என்றால் அது வெறும் கறை. ஓரம் விரிந்திருந்தால் பூசணம் உள்ளே வளர்கிறது. என் முதல் வால் மாதிரி அடுக்குகளுக்கு நடுவே போயிருந்தால் மேலே தேய்த்துப் பயனில்லை. அந்த இடத்தை வெட்டித் திறந்துதான் ஆக வேண்டும். முடியாவிட்டால் பாதப்பையையே மாற்ற வேண்டும். எனக்குத் துடுப்புப் பகுதி முழுவதும் போயிற்று.

இனி காயவைப்பது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் பாதிக்கு மேல் இதுதான். ஈரமான பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பூசணம் பெரும்பாலும் வளர வழியில்லை. அந்த இரண்டு நாள்தான் நமக்கு இருக்கும் அவகாசம்.

இரண்டாவது வால் வந்த அன்றே, தண்ணீர் படுவதற்கு முன், குளியலறைத் தராசை எடுத்துவந்தேன். நான் மட்டும் ஏறி நின்று ஒரு முறை, வாலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு முறை. கழித்துப் பார்த்தால் வாலின் எடை 15.2 கிலோ. உள்ளே தைத்திருக்கும் பட்டையில் அழியாத மையால் எழுதி வைத்தேன். முதல் நீச்சலுக்குப் பிறகு வடித்து, துடைத்து, ஒரு இரவு முழுக்க ஃபேன் போட்டேன். காலையில் கையை விட்டுத் தடவினால் எங்கும் ஈரமில்லை. பழைய நானாக இருந்தால் மடித்துப் பைக்குள் வைத்திருப்பேன். தராசில் ஏறினேன். 15.7. அரைக் கிலோ தண்ணீர் உள்ளே இருந்தது! கைக்குத் தெரியாமல், கண்ணுக்குத் தெரியாமல், பாதப்பையின் துணியிலும் தையலிலும் இரண்டு டம்ளர் தண்ணீர் உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து கையை நம்புவதில்லை. தராசைத்தான் நம்புகிறேன்.

ஒரு இரவு ஃபேன் ஏன் போதவில்லை? இடுப்புப் பக்கம் ஃபேனை வைத்தால் காற்று முழங்கால் வரைதான் போய்த் திரும்பி வந்துவிடுகிறது. கீழே இருக்கும் காற்று ஈரத்தை முடிந்த அளவு வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் வாங்க முடியாமல், அங்கேயே நிற்கிறது. புதுக்காற்றைப் பாதத்துக்கே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். அதற்காக நான் செய்துகொண்டது ரொம்பச் சாதாரணமான ஏற்பாடு. கை அகல நெளிகுழாய் ஒன்று, வாலைவிட ஒரு முழம் நீளமாக. ஒரு முனையில் விரல் நுழையும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு துளைகள் போட்டு, ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கினேன், சிலிக்கோனைக் கிழித்துவிடக் கூடாது. அந்த முனை பாதப்பை வரை போகும். மறுமுனையில் பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் ஃபேனை டேப் சுற்றி ஒட்டியிருக்கிறேன். காற்று குழாய் வழியாகக் கீழே போய், ஈரத்தை எடுத்துக்கொண்டு, குழாய்க்கு வெளிப்பக்கமாக மேலேறி இடுப்பு வழியாக வெளியேறுகிறது. சத்தம் கிடையாது. தாழ்ந்த மின்னழுத்தம் என்பதால் ஈரமான பொருளுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் ஓட விடப் பயமும் இல்லை. சுவர் மின்சாரத்தில் ஓடும் எதையும் வாலுக்குள் விடாதீர்கள்.

இந்தக் குழாயைப் போட்ட பிறகு ஒரு நாள் பொழுதில் 15.2-க்கு வந்துவிடுகிறது.

தொடைப் பகுதியில் சிலிக்கோன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவே நீர்ப்படலம் சிக்கிக்கொள்ளும். நீச்சல் பழகும் நுரைக்குச்சி இரண்டை உள்ளே விட்டுச் சுவர்களைப் பிரித்து வையுங்கள். அதற்கு முன்னால் தண்ணீரை வடிப்பது முக்கியம்: துடுப்பு மேலே, இடுப்பு கீழே சரிந்திருக்கும்படி பெஞ்சில் சாய்த்து இருபது நிமிடம். தூக்கும்போது இடுப்பு விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மொத்த எடையும் அந்த மெல்லிய விளிம்பில் வந்து கிழித்துவிடும். ஆணியில் மாட்டித் தொங்கவிடுவதும் அப்படித்தான். பிள்ளையைத் தூக்குவது போல அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

வெயிலில் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சிலிக்கோன் வெயிலைத் தாங்கும். வண்ணமும் நியோபிரீனும் தாங்காது. நிழலும் காற்றும்தான் சரி.

கடலில் நீந்தினால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கடலுப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்போடு காய்ந்த வால் உண்மையில் காயவே காயாது. நீச்சல் குளத்துத் தண்ணீரில்தான் குளோரின் இருக்கிறதே என்று அலசாமல் விடுபவர்களும் உண்டு. அந்தக் குளோரின் சீக்கிரமே தீர்ந்துவிடும், நம் தோலும் வியர்வையும்தான் மிஞ்சும்.

பவுடர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிக்கோன் ஒட்டாமல் இருக்கச் சோளமாவுப் பவுடர் தூவுவது பலருக்கும் பழக்கம். அது மாவுச்சத்து. பூசணத்துக்கு நாமே சோறு பரிமாறுவது போல. வால் முழுக்க உலர்ந்திருந்தாலும் அதை நான் உள்ளே விடமாட்டேன். நுழைவதற்குக் கண்டிஷனர் பூசுவதையும் நிறுத்திவிட்டேன். வாலுக்குள் தண்ணீர் ஊற்றி, தேவைப்பட்டால் இரண்டு சொட்டு மென்மையான குழந்தை ஷாம்பூ. பெட்ரோலியம் ஜெல்லியும் சிலிக்கோன் எண்ணெய் கலந்த வழுக்கிகளும் வாலையே வீங்க வைத்து இளக்கிவிடும். பிறகு அந்த இடத்தில் பசையும் பிடிக்காது.

பசை என்றதும் ஒன்று. ஒட்டுப் போடுவதற்கு முன் தராசு பழைய எடையைக் காட்டியிருக்க வேண்டும். இது என் வாலைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம். இரண்டு பகுதி கலக்கும் பிளாட்டினம் சிலிக்கோன் என்றால் லேட்டெக்ஸ் கையுறை போடாதீர்கள். லேட்டெக்ஸ் பட்ட இடத்தில் அது இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். குளியலறை ஓரங்களுக்குப் பூசும் சிலிக்கோனில் பூஞ்சைக்கொல்லி இருக்கிறதே, அதையே பூசினால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். அது சுவருக்குச் செய்தது. நாள் முழுக்கத் தோலில் உரசும் இடத்துக்கு அது வேண்டாம்.

எடுத்து வைக்கும்போது காற்றுப் புகாத பெட்டி வேண்டாம். தட்டையாக, மடிப்பில்லாமல், சாயம் போகாத வெள்ளைத் துணியின் மேல். அறையில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 50-க்குக் கீழே என்றால் நிம்மதி. சின்ன ஈரப்பத மானி ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள், ஆனால் அவற்றைப் பெரிதாக நம்பாதீர்கள். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைத்தான் பிடிக்கும். என் வாலில் இருந்த அரைக் கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ ஜெல் வேண்டும். காய்ந்த வாலைக் காய்ந்தபடி வைத்திருக்க அது உதவும், ஈர வாலைக் காயவைக்க உதவாது.

வாலை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் நடுவில் சோப்புக் கழுவலும் ஆல்கஹாலும் கட்டாயம் செய்யுங்கள். பாதத்தில் சேற்றுப்புண் இருப்பவர் நுழைந்த பைக்குள் அடுத்தவர் பாதமும் போகிறது. உங்கள் விரலிடுக்கில் அரிப்பு தொடங்கினால் வாலை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அவள் வாலுக்குத் திரும்ப வருகிறேன். புது வாலாக இருந்தபோது எடை பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டாள். பரவாயில்லை, கழுவிக் காயவைத்துத் தினமும் எடை பார், இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எடை வந்தால் அதுதான் உன் வாலின் காய்ந்த எடை என்றேன். மறுநாள் சோப்பு, வினிகர், பெராக்சைடு எல்லாம் முறையாகச் செய்தாள். குழாயும் ஃபேனும் என்னுடையதையே கொடுத்தேன். புள்ளிகளில் பாதி துணியோடு வந்துவிட்டது, மீதி சாம்பல் நிழலாக நிற்கிறது. நாணயம் வைத்துப் படம் எடுத்திருக்கிறாள். முதல் நாள் 13.1 கிலோ என்று அனுப்பினாள். அடுத்த நாள் 12.7.

இன்று காலை வந்த செய்தி: "அக்கா, 12.4. நேத்தும் 12.4."